ஊர் எழுதும் தேர்வு

1995 ஆகஸ்ட். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஹெண்டர்சன் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணைக் குளம். மினசோட்டா நியூ கன்ட்ரி பள்ளியின் மாணவர்கள் சிலர் தங்கள் ஆசிரியையோடு அங்கே போயிருந்தார்கள். இயற்கையைப் பார்த்துவரப் போன சாதாரண உலாதான் அது. கரைப்புல்லில் தவளைகள் துள்ளின. பிள்ளைகள் பிடித்துப் பார்த்தார்கள். முதல் தவளையின் காலைப் பார்த்தபோது ஒடிந்திருக்கிறது என்றே நினைத்தார்கள். அடுத்த தவளையிலும் குறை தெரிந்தது, அதற்கடுத்ததிலும். அப்போது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பிடித்த தவளைகளை எல்லாம் எண்ணினார்கள். மொத்தம் 22. அவற்றில் உருக்குலைந்தவை 11.

எண்ணியதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாம் அதில்தான் இருக்கிறது. கால் குறைந்த தவளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருந்தால், “நாரை கொத்தியிருக்கும்” என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்; பேச்சு அதோடு முடிந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் நல்ல தவளைகளையும் விடாமல் எண்ணினார்கள். ஊனம் எத்தனை என்பதோடு, எத்தனையில் ஊனம் எத்தனை என்பதும் அவர்களிடம் இருந்தது. நாரை கொத்திப் பாதித் தவளைகள் கால் இழக்காது. வியப்பாக முடிந்திருக்க வேண்டிய ஒரு காட்சி, யாராலும் தட்டிக்கழிக்க முடியாத கேள்வியாக மாறியது இந்த ஒரு கணக்கினால்.

அடுத்து நடந்தது பெரியவர்களின் பங்கு. ஆசிரியை மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு முகமைக்குத் தகவல் சொன்னார். “பிள்ளைகள் விளையாட்டு” என்று யாரும் ஒதுக்கவில்லை. அதிகாரிகள் குளத்துக்கு வந்தார்கள். செய்தி பரவியதும் மாநிலத்தின் வேறு பகுதிகளிலிருந்தும் அதே போன்ற தவளைகள் பற்றித் தகவல்கள் வந்தன. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. வட அமெரிக்கா முழுவதிலிருந்தும் இத்தகைய தகவல்களைத் திரட்ட 1997இல் தனியாக ஒரு பதிவு மையமே தொடங்கப்பட்டது.

விடை உடனே கிடைக்கவில்லை. பூச்சிக்கொல்லி என்றார்கள் சிலர். ஓசோன் மெலிந்ததால் கூடிய புற ஊதாக் கதிர் என்றார்கள் வேறு சிலர். 1999இல் பீட்டர் ஜான்சன் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ரிபெய்ரோயா என்னும் நுண்ணிய தட்டைப்புழு, தலைப்பிரட்டையின் உடலில் கால் முளைக்கும் இடத்தில் துளைத்து நுழைந்தால், கால்கள் தாறுமாறாக வளர்கின்றன. அந்தப் புழு முதலில் நத்தையில் பெருகுகிறது. நத்தையிலிருந்து வெளிவந்து தலைப்பிரட்டைக்குள் புகுகிறது. கால் சரியில்லாத தவளை தப்பியோட முடியாமல் நாரைக்கு இரையாகும்போது நாரையின் குடலுக்குப் போகிறது. அங்கே முட்டையிட்டு, எச்சத்தின் வழியே மறுபடி குளத்துக்குத் திரும்புகிறது. எல்லாக் குளத்துக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேதிப்பொருள்கள் தவளையின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து நோயைக் கூட்டும் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. 2007இல் ஜான்சன் குழு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. உரச் சத்து நீரில் கலந்தால் பாசி பெருகுகிறது. பாசியைத் தின்னும் நத்தை பெருகுகிறது. நத்தையோடு புழுவும் பெருகுகிறது.

இந்த இடத்தில் நான் நின்று யோசிக்கிறேன். குளக்கரையில் பிள்ளைகள் எழுப்பிய கேள்வி பல ஆண்டுகள் நடந்து, பல ஆய்வுக்கூடங்களைக் கடந்து, கடைசியில் எங்கே வந்து நிற்கிறது? வயலில். உரமிடும் கையில். மக்காச்சோளமும் சோயாவும் விளையும் அந்த மண்ணில் அது யாருடைய கை? பிள்ளைகளின் பெற்றோருடையதாகவும் இருக்கலாம், அண்டை அயலாருடையதாகவும் இருக்கலாம். சுற்றுச்சூழல் பற்றிக் குழந்தை உண்மையாகக் கேட்கும் எந்தக் கேள்வியும், போதுமான தூரம் போனால், பெரியவர்களின் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுச்சூழல் ஆய்வைப் பற்றிப் பேசும்போது நாம் பேச மறப்பதும் இதைத்தான்.

பிள்ளைகளால் அறிவியல் செய்ய முடியுமா என்ற ஐயம் இன்னும் பலருக்கு உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில், 8 முதல் 10 வயதுள்ள 25 குழந்தைகள் ஒரு நரம்பியல் ஆய்வாளரின் துணையோடு வண்டுத்தேனீக்களை வைத்துச் சோதனை செய்தார்கள். எந்த நிற வட்டத்தில் சர்க்கரைத் தண்ணீர் இருக்கிறது என்பதை நிறத்தையும் அது அமைந்திருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்த்துத் தேனீக்கள் கற்றுக்கொள்கின்றன என்று கண்டார்கள். கேள்வி அவர்களுடையது, சோதனை அவர்கள் வகுத்தது, கட்டுரையின் மொழியும் அவர்களுடையது. படங்கள் வண்ணப் பென்சிலால் வரைந்தவை. 2010 டிசம்பரில் ராயல் சொசைட்டியின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. முடியுமா என்ற கேள்விக்கு இதற்குமேல் விடை தேவையில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. குழந்தைகள் கண்டுபிடித்துச் சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ள நம்மால் முடியுமா?

நம் ஊருக்கு வருவோம். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நாடு தழுவிய அளவில் நடந்துவருகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரோடு, தங்கள் ஊரிலேயே உள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும். கருப்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். 2012, 2013இல் ஆற்றல். 2014, 2015இல் வானிலையும் காலநிலையும். தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகளாக முன்னின்று நடத்திவந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். மாவட்ட மாநாடு நடக்கும் பள்ளி வளாகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி, தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்தில் தேர்வறையில் காணமுடியாத ஒரு ஒளி இருக்கும். மனப்பாடம் செய்ததைச் சொல்ல அவர்கள் வரவில்லை. தங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறார்கள்.

தங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று! பன்னிரண்டு வயதில் அப்படி ஒன்று கையில் இருப்பது எத்தனை பெரிய செல்வம். நம் தெருவில் உள்ள கிணறுகளில் எந்த ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று எந்தப் பாடநூலிலும் இல்லை. கல் கட்டிய கயிற்றை விட்டு, நனைந்த இடம் வரை முடிச்சுப் போட்டு, மாதம் ஒருமுறை அளந்து எழுதிய பிள்ளையிடம்தான் அது இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது, ஆழ்துளைக் குழாய் போட்ட தோட்டத்தை ஒட்டிய கிணறு மட்டும் ஏன் ஏறவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்கத் தொடங்கும்போது, ஊரில் வேறு எவரும் கேட்காத கேள்வி பிறக்கிறது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நேர்ச்சுவர் உள்ள ஒரு போத்தலை வெட்டி, வாயைக் கவிழ்த்துச் செருகி, ஓர் அளவுகோலை ஒட்டிவிட்டால் மழைமானி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கைக் கற்றுக்கொண்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக் கூரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். கூரை 100 சதுர மீட்டர் என்றால், 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? தொட்டிக்கா, சாக்கடைக்கா? கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். இந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம்.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு ஒரு மரம் போதும். 2010இல் தொடங்கிய ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டத்தில், கேரளப் பள்ளிகள் பலவற்றின் பிள்ளைகள் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து, தளிர், பூ, காய் எந்த அளவில் இருக்கின்றன என்று பதிகிறார்கள். விஷுவுக்குப் பூக்கவேண்டிய கொன்றை எந்த மாதம் பூத்தது என்பது அவர்கள் ஏட்டில் இருக்கிறது. ஓர் ஆண்டு முழுக்க ஒரே மரத்தைப் பார்த்த குழந்தைக்கு அது ‘மரங்களில் ஒன்று’ இல்லை. அதன் பழக்கவழக்கம் தெரிந்த ஒரு உறவு. காலநிலை மாற்றம் என்ற பெரிய சொல்லை அச்சமூட்டும் செய்தியாகக் கேட்கும் முன்பே, தன் மரத்தின் நாட்குறிப்பாக அந்தக் குழந்தை அறிந்துகொள்கிறது.

ஊர் சார்ந்த அறிவியல் என்றால் ஊரில் போய் அளப்பது மட்டும் போதாது. ஊருக்குத் தெரிந்ததைக் கேட்டறிவதும் அதில் அடங்கும். ஏரிப் பாசனம் உள்ள ஊரில் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, கலங்கல் எந்த ஆண்டு கடைசியாக வழிந்தது, எந்த மடையை எப்போது திறப்பார்கள் என்பதெல்லாம் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குத் தெரியும். அவரைத் தேடிப்போய்க் கேட்டு, கூடவே நடந்து, வரைபடம் போடும் பிள்ளைகள் அறிவியலோடு இன்னொன்றையும் கற்கிறார்கள்: பள்ளிக்கூடம் போகாதவரிடமும் அறிவு இருக்கிறது. “எங்க காலத்துல வாளிக் கயிறு ரெண்டு பாகம்தான் இருக்கும்” என்று ஒரு பாட்டி சொல்வது, அரை நூற்றாண்டுக்கு முந்தைய நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒரு சான்று. அதை எழுதிக்கொள்ளவும், இன்றைய அளவோடு ஒப்பிடவும், நினைவு பிசகியிருக்கலாம் என்பதால் இன்னும் நான்கு வீட்டில் கேட்டுச் சரிபார்க்கவும் கற்ற பிள்ளை முறையான அறிவியலைத்தான் கற்கிறது.

இவ்வளவு நல்ல காரியம் ஏன் பல இடங்களில் உயிரற்றுப் போகிறது? 1991இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாடம் வந்தது. பாடத்தோடு மதிப்பெண்ணும் வந்தது. மதிப்பெண் வந்ததும் ‘புராஜெக்ட்’ வந்தது. தெர்மாகோலில் காடு, வண்ணத் தாளில் ஆறு. இரவு பதினொரு மணிக்கு அப்பா வெட்டி ஒட்ட, பிள்ளை பக்கத்தில் தூங்கிவிழும். காட்டைப் பற்றி அந்தத் தெர்மாகோல் கற்றுத்தருவது ஒன்றுமில்லை. வேலை முடிந்த மறுவாரம் அதுவே குப்பையாகி, ஊருக்கு ஒரு சுமையைக் கூட்டுகிறது.

விழிப்புணர்வுப் பேரணி என்றொரு வழக்கமும் நமக்கு உண்டு. வெயிலில் பிள்ளைகள் பதாகை பிடித்து வரிசையாகப் போவார்கள். மரம் நடச் சொல்லும், நெகிழியை ஒழிக்கச் சொல்லும் முழக்கங்கள் கேட்கும். கடைக்காரர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். பிள்ளைகளின் மேல் எனக்குக் குறை இல்லை. ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களின் நல்லெண்ணத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேரணியில் பெரியவர்கள் எழுதிக்கொடுத்ததைக் குழந்தை சொல்கிறது. ஆய்வில் குழந்தை கண்டறிந்ததைப் பெரியவர்கள் கேட்கவேண்டியிருக்கிறது. முதலாவது நமக்கு எளிது. முழக்கத்துக்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. “நம் தெருவில் ஒரு வாரத்தில் சேர்ந்த நெகிழிப் பையின் எடை இவ்வளவு, அதில் பாதிக்குமேல் இந்த ஒரு வகைப் பொட்டலத்திலிருந்து வந்தது” என்ற கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. அது இதைவிடக் கொடிது. துடைப்பத்தைக் கையில் கொடுத்து வளாகத்தைக் கூட்டவைத்து, அதைச் சுற்றுச்சூழல் கல்வி என்று சொல்லிவிடுவது. அதிலும் எந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், நம் ஊரின் பழைய நோய் தெரிந்துவிடும். குப்பையை எடைபோட்டு வகைபிரிக்கக் கற்பது ஒன்று. ஊர்க் குப்பையை அள்ளவைப்பது வேறு. குழந்தையை மாசுக்குள் இறக்காமல், கையுறையும் பெரியவர் துணையும் இல்லாமல் சாக்கடைப் பக்கம் அனுப்பாமல், யாருடைய வீட்டையும் குடியிருப்பையும் இழிவாகக் காட்டாமல் நடக்கும் ஆய்வே ஆய்வு. பூமியைக் காப்பாற்றும் பொறுப்பைக் குழந்தையின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை. ஊர் ஏரியை அவர்கள் கெடுக்கவில்லை. வாய்க்காலை மறித்து வீடு கட்டியவர்களும் அவர்கள் இல்லை. குழந்தையிடம் நாம் கேட்கத் தகுந்தது ஒன்றுதான்: கண்ணால் பார்த்ததை, பார்த்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. அதன்பின் உள்ள பாரம் நம்முடையது.

அந்தப் பாரத்தை இறக்கிவைக்க நமக்கு இடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே வாக்கு இல்லை; தீர்மானத்தில் கையெழுத்திடும் உரிமை இல்லை. ஆனால் பன்னிரண்டு மாதம் கிணறு அளந்த குறிப்பேடு இருக்கிறது. அந்த ஏட்டை அன்று சபையில் படிக்கவைக்க எந்தச் சட்டமும் தடையில்லை. தலைவரும் செயலரும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்து, அந்த எண்களைக் கேட்டு, “இது சரியா?” என்று விசாரித்து, “என்ன செய்யலாம்?” என்று பேசி, செய்யமுடியாததை ஏன் முடியாது என்று அந்தப் பிள்ளையிடமே விளக்கிச் சொன்னால், அந்த நாள் அவ்வூரின் கல்வி வரலாற்றில் பொன்னாள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் ஆய்விலும் குழந்தை இரண்டு பாடம் படிக்கிறது. முதல் பாடம் கண்டறியும் முறை. எண்ணுவது, அளப்பது, நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எண்ணுவது, தான் எதிர்பார்த்தது பொய்த்தாலும் எழுதிவைப்பது. இதை நல்ல ஆசிரியர் ஒருவர் கற்றுத்தந்துவிடுவார். இரண்டாம் பாடம் கண்டறிந்த பிறகு தொடங்குகிறது. சொன்னேனே, யாராவது கேட்டார்களா? எழுதினேனே, ஏதாவது நடந்ததா? அல்லது ‘ஏன் நடக்கவில்லை’ என்றாவது சொன்னார்களா? இந்தப் பாடத்தை எந்த ஆசிரியராலும் தனியாகக் கற்றுத்தர முடியாது. இதன் ஆசிரியர் ஊர்.

சான்றிதழைக் கொடுத்து, மாலை போட்டு, படம் எடுத்துவிட்டுக் குறிப்பேட்டை அலமாரியில் பூட்டினால் அந்தப் பாடம் நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அப்போதும் நடக்கிறது. உண்மையைக் கண்டுபிடிப்பதற்குப் பரிசு உண்டு, பயன் இல்லை என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. பாராட்டு வாங்கித் தரும்வரை உண்மை பேசு, யாருடைய நிலத்தையாவது வருமானத்தையாவது அது தொடும்போது நிறுத்திக்கொள் என்று கற்றுக்கொள்கிறது. இருபது ஆண்டு கழித்து அந்தக் குழந்தை ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, கழிவுநீர் மாதிரியின் அளவை மாற்றி எழுதினால், அது நாம் கற்றுக்கொடுத்த பாடத்தின் தொடர்ச்சிதான்.

மினசோட்டாவில் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. அவர்கள் கேட்ட கேள்விக்கு முழு விடையைப் பெரியவர்களாலும் உடனே சொல்ல முடியவில்லை. ஆனால் கேள்வியை வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆண்டு கழிந்தும் அதை விடாமல் துரத்தினார்கள். குழந்தைக்கு உடனடி வெற்றி தேவையில்லை. ஏரி நாளைக்கே நிறையாவிட்டாலும், ஆலை அடுத்த மாதமே திருந்தாவிட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். தன் அளவை மதித்து ஒரு பெரியவர் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதே கயிற்றைக் கிணற்றில் விட்டு, “ஆமாம், நீ அளந்தது சரிதான்” என்று சொல்வதுதான் அதற்கு வேண்டும். அந்தச் சொல்லோடு, “இனி இது என் வேலையும்கூட” என்ற ஒப்புதலும்.

இதனால்தான் பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வுக்கு மதிப்பெண் போடும்போதெல்லாம் நாம் தாளை மாற்றிப் பிடித்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தேர்வு எழுதுவது ஊர். கேள்வித்தாளைத் தயாரித்தவர்கள் பிள்ளைகள். உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று குழந்தைக்குப் பள்ளி சொல்லித்தரும். கண்டுபிடித்த உண்மைக்கு இந்த மண்ணில் மதிப்பு உண்டா என்பதை நாம் நடந்துகொள்ளும் விதம்தான் சொல்லித்தரும். அந்த மதிப்பைத் தன் ஊரில் கண்ணால் கண்ட பிள்ளையிடம், நிலத்தையும் நீரையும் காக்கவேண்டும் என்று பிறகு யாரும் வந்து சொல்லவேண்டியிருக்காது.